விரித்துப் படிக்காத கேள்வி

நீங்கள் மூவரும் சேர்ந்து அனுப்பிய செய்தியைப் போன கிழமைதான் பார்த்தேன். மின்சாதனக் கடையின் இணையக் குழுவில் பதில் எழுதும் வேலை இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றும், என் பழைய பதில்களைத் தேடியெடுத்து வாசித்து அதே மாதிரி எழுதிப் பழகுகிறீர்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள். ‘சேர், உங்களைப் போல ஒரே வரியில் அடிக்க எங்களுக்கு இன்னும் வரவில்லை’ என்று உங்களில் ஒருவர் குறைப்பட்டிருந்தார். வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் பதில் எழுதுகிறவனாக அந்தக் கடைக்கு வந்தவனல்ல. திருத்துகிறவனாக வந்தேன். நிலாவெளி ஹோட்டல்களின் குளிர்சாதனப் பெட்டி, தம்பலகாமத்துத் தோட்டங்களின் தண்ணீர்ப் பம்பு, சீனன்குடாக் குவாட்டர்ஸ்களின் மின்விசிறி என்று அரைவாசி ஆயுள் ஏணியிலும் மோட்டார் சைக்கிளிலும் போனது. பிறகு முழங்கால் விட்டுவிட்டது. ஏணியில் ஏற ஏலாதவனை வீட்டுக்கு அனுப்பாமல், மேலாளர் ஒரு கதிரையையும் ஒரு போனையும் தந்தார். “அண்ணை, குழுவில சனம் கேட்கிறதுக்குப் பதில் போடுங்கோ. அது காணும்,” என்றார். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நல்ல மனிதர்தான்.

தொடக்கத்தில் கடையில் வாங்கிய சாமான்களைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கினார்கள். போனை சார்ஜில் போட்டுக்கொண்டு கதைத்தால் வெடிக்குமா என்று ஒருவர் கேட்டார். ‘ஆரோட கதைக்கிறீங்கள் எண்டதைப் பொறுத்தது’ என்று எழுதினேன். பூமி சுற்றுகிறது என்றால் நாங்கள் ஏன் விழுவதில்லை என்று கேட்டவருக்கு, ‘எங்கட ஒழுங்கையில மோட்டார் சைக்கிள் ஓடிப் பாருங்கோ, விழுவீங்கள்’ என்றேன். இன்வேர்ட்டர் பற்றரிக்குள் கடல்தண்ணீர் ஊற்றலாமா என்ற கேள்விக்கு, ‘ஊத்தலாம், மீன் வளர்க்கிறதெண்டால்’ என்றேன். செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலைகளைப் பறித்துவிடுமா என்று பல்கலைக்கழகம் முடித்த பெண்ணொருத்தி கேட்டிருந்தாள். ‘முதல் வேலை கிடைக்கட்டும் பிள்ளை’ என்று எழுதினேன். அதற்குத்தான் ஆகக் கூடிய சிரிப்பு விழுந்தது. அவள் அதன் பிறகு குழுவில் எதுவும் கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

என் பெயரே மாறிப்போனது. ‘கரண்ட் மாமா’ என்ற பெயரில்தான் பதில் எழுதினேன். மீன் சந்தையில் நின்றால் ஆராவது பார்த்துச் சிரிப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருடம் கை கருகத் திருத்தியபோது ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை. நாலு சொல்லில் ஒரு பகிடி விட்டதும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேள்வி வந்து விழுந்ததும் அதற்கு விடை என்னவென்று யோசிப்பதை நான் விட்டுவிட்டேன். அதற்குள் சிரிப்பு எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடியது.

சேவைப் பிரிவில் ஒருவர் இருந்தார். நான் ஏணியில் நிற்க அவர் கீழே பிடித்துக்கொள்ள வளர்ந்த உறவு எங்களுடையது. அவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்:

“நீ பகிடி விட்ட ஆக்கள் திரும்பிக் கேட்கிறதில்லை. கவனிச்சனியோ?”

“விளங்கிப்போச்சுது எண்டு அர்த்தம்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பார்த்தார்.

மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்த ஒரு மாரிகாலம் அது. கடையில் சின்ன ஜெனரேட்டர்கள் வரவர விற்றுத் தீர்ந்தன. குழுவிலும் அதைப் பற்றியே கேள்விகள். ஒரு முற்பகலில், மளமளவென்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன். போன் திரையில் ஒவ்வொரு கேள்வியின் முதல் வரி மட்டும் தெரியும். மிச்சத்தைப் படிக்க ‘மேலும்’ என்ற இடத்தைத் தொட வேண்டும். இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கேள்வி வந்தது. ‘ஜெனரேட்டர் சத்தத்தால தலையிடி வருமா?’

நான் எழுதினேன். ‘ஓம், பக்கத்து வீட்டுக்காரருக்கு.’

அதை எழுத ஐந்து விநாடிகூட ஆகியிராது. மதியத்துக்குள் குழு முழுக்கச் சிரித்தது. கேட்டவரும் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டிருந்தார். மேலாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அண்ணை, இண்டைக்கு ஒண்டு போட்டீங்கள் பாருங்கோ!” என்றார். நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து, ஏணி பிடித்த நண்பர் கிண்ணியாவிலிருந்து நேரே என் மேசைக்கு வந்தார். நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஒரு ஜெனரேட்டர் பார்க்கப் போனனான். வாங்கினவரின்ர மனைவி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில. மிஷினில ஏதோ பிழை, வந்து பாருங்கோ எண்டு அவரின்ர சொந்தக்காரர் கூப்பிட்டவை.”

“பிழையோ?”

“மிஷினில ஒரு பிழையும் இல்லை. வைச்ச இடம்தான் பிழை. பின் அறைக்குள்ள வைச்சிருக்கினம். ஜன்னலும் பூட்டு.” சற்று நின்று சொன்னார். “அந்த மனுசன் எங்கட குழுவில கேட்டவராம்.”

தேடி எடுத்தேன். அன்றுதான் ‘மேலும்’ என்ற இடத்தில் என் விரல் பட்டது. கேள்வியின் மிச்சம் விரிந்தது. எழுத்துப் பிசகாமல் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது:

‘மழைக்கு நனையுது எண்டு பின் அறைக்குள்ள வச்சிரிக்கம். வைஃபுக்கு காலையில ஒண்டுமில்ல. மிஷின் ஓடத் தொடங்கினாப் பொறகு தலை இடிக்குது, சத்தி வாற மாதிரியும் இரிக்கி. வெளிய போய் நிண்டா சுகமாகிடுது. என்ன செய்யலாம்?’

இந்த வரிகளை வாசிக்கிற எந்தத் தொழில்காரனுக்கும் விடை உடனே தெரியும். ஜெனரேட்டர் புகையில் நிறமும் மணமும் இல்லாத நஞ்சு வாயு ஒன்று இருக்கிறது. அடைத்த இடத்தில் அது நிரம்பும். முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு மயக்கம். ‘இப்போதே நிறுத்துங்கள், வெளியே எடுங்கள், அவரை டொக்டரிடம் காட்டுங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்தப் பாவப்பட்ட மனிதர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தார். காரணத்தை மட்டும்தான் பிழையாக நினைத்திருந்தார். அதைத் திருத்தத்தான் என்னைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது.

“அண்ணை, அதை எடுத்துவிடுங்கோ,” என்றார். “ஆராவது படம்பிடிச்சுப் போட்டால் கடை நாறிப்போகும். உங்கட பேரும்தான்.”

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். அவர் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. நண்பர் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட அங்கேயே நின்றார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, கேள்வியையும் பதிலையும் சேர்த்து நான் அழித்தேன். அதற்கும் ஐந்து விநாடி ஆகியிராது.

அவசரத்தில் ஒரு பிழை விடுவது ஒன்று. நிதானமாக, எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றைச் செய்வது வேறு. முதலாவதற்கு என்னிடம் சொல்ல ஒரு சாட்டு இருந்தது. இரண்டாவதற்கு இன்றுவரை இல்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ‘பிழைத்துக்கொண்டாள்’ என்ற சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டு நாலு மாதம் இருந்தேன். பதில்களும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் குறைவாக.

பிறகு குழுவின் உட்பெட்டிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவரை நான் இங்கே நஸீர் என்று சொல்கிறேன். உண்மைப் பெயர் வேறு.

‘அஸ்ஸலாமு அலைக்கும். போன மாரிக்கு நான் ஜெனரேட்டர் பத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இப்ப அதைக் காணல்ல. எடுத்துத் தர ஏலுமா? வைஃபுக்குத் தலையிடி எப்ப தொடங்கின எண்டு டொக்டர் கேக்கிறார். அதில திகதி இருக்கும்.’

மேலாளரிடம் காட்டினேன். “பதில் போடாதேங்கோ அண்ணை,” என்றார். “அவர் ரெண்டு நாளில மறந்துபோவார்.”

நிர்வாகிகளுக்கு அழித்த பதிவுகளின் பட்டியல் தெரியும். கேள்வி பதிவான திகதியும் அதில் இருந்தது. அதை ஒரு துண்டில் எழுதி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். பாலத்தைக் கடக்கும்போது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தது உண்மை.

நஸீர் ஒட்டோ ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கடையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், “வாங்க ஐயா, இரிங்க,” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். முன் அறையின் ஒரு மூலையில் தையல் மிஷின் ஒரு பழைய சீலையால் மூடியிருந்தது. அவருடைய மனைவி கீழே பாயில் இருந்து, தட்டு நிறையப் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மீண்டும் உள்ளே போனார்.

“டொக்டர்தான் பொத்தான் பிரிக்கச் சொன்ன,” என்றார் நஸீர் தாழ்ந்த குரலில். “மறதி ஐயா. முந்தி ஒருதரம் அளந்தா போதும். கொப்பியில எழுத மாட்டா. இந்த றோட்டில இரிக்கிற அவ்வளவு புள்ளைகள்ட யூனிபோம் அளவும் அவட தலைக்குள்ள இருந்த. இப்ப நூல் கோர்த்திட்டு, எதுக்குக் கோர்த்தேன் எண்டு என்னட்டக் கேக்கிறா.”

துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் திகதியை வாசித்தார். விரல் விட்டு எண்ணினார்.

“அப்ப பத்து நாளைக்கு மேல இருந்திரிக்கி,” என்றார். “நான் ரெண்டு மூணு நாள் எண்டுதான் டொக்டர்ட்டச் சொன்ன.”

இனியும் தள்ளிப்போட ஏலாது.

“தம்பி, அந்தப் பதிலை எழுதினது நான்தான்.”

“நீங்களா? கரண்ட் மாமாவா?” அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பழக்கத்தில் வருகிற சிரிப்பு. அதைத் தாங்குவது எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

“உங்கட கேள்வியை நான் முழுக்க வாசிக்கேல்லை. முதல் வரியைப் பார்த்திட்டுப் பகிடி விட்டனான். பிறகு விசயம் தெரிய, அதை அழிச்சதும் நான்தான்.”

சிரிப்பு போய்விட்டது. அவர் அந்தத் துண்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, ஒவ்வொரு வசனமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“நீங்க எழுதினத்துக்கு நான் கோவிக்கல்ல ஐயா. நாங்க ரெண்டு பேரும் வாசிச்சி விழுந்து விழுந்து சிரிச்ச. பக்கத்தில ஹாஜியார் ஒராள் இரிக்கார், வருத்தக்காரர். பாவம், அவருக்கும் சத்தம் கேக்கும்தானே எண்டு அதுக்குப் பொறகுதான் நினச்ச. அண்டைக்குத்தான் பின் அறை ஜன்னலச் சாத்தின. என்ட கையால சாத்தின. பொறகு கரண்ட் வெட்டு கூடக் கூட மிஷினும் கூட நேரம் ஓடின. இவ விழுந்த அண்டைக்கு நான் ஒட்டோ ஓட்டத்துக்குப் போயிட்டன். யூனிபோம் எடுக்க வந்த ஒரு பொம்புளதான் இவ தையல் மிஷினுக்கு மேல விழுந்து கிடந்ததக் கண்ட.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“ஆனா அழிச்சீங்க பாருங்க, அதுதான். ரெண்டு நாள் தேடினேன். இவக்கு நேத்து நடந்ததே நினைவில்ல. எனக்கும் குழம்பிட்டு. நான் கேக்கவே இல்லையோ, கேட்டதா நினச்சிக்கொண்டு இரிக்கிறனோ எண்டு என்னிலயே எனக்குச் சந்தேகம் வந்திட்டு.” குரலை இன்னும் தாழ்த்தினார். “இன்னொண்டும் இரிக்கி. இவ கடைசியா நல்லாச் சிரிச்சது அதுக்குத்தான். ஒருக்கா எடுத்துக் காட்டினா நினைவு வருமோ எண்டும் பாத்த.”

அந்த நேரம் அவருடைய மனைவி வாசலில் வந்து நின்றார். என் முன்னால் வெறுங்கோப்பை இருந்தது.

“வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுக்கல்லயா?” என்று கணவரைக் கேட்டார்.

நஸீர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இல்ல, போட்டுக் குடுங்க,” என்றார்.

அவர் மீண்டும் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் குடித்தேன். இனிப்புக் கூடுதலாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குச் சந்தோசம்.

நஸீர் என்னைத் தன் ஒட்டோவில் ஏற்றி பஸ் தரிப்பிடத்தில் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கியபின் சொன்னார்:

“கோவிக்காதீங்க ஐயா, இனி வர வேணாம். வந்தது ஆரு எண்டு அவ கேப்பா. நான் பொய் சொல்ல வேண்டி வரும்.”

சரி என்றேன்.

பகிடி விடாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வரவில்லை. எங்கள் சனம் சிரிக்காமல் எதையும் தாங்கியதில்லை. கேட்கிறவர் காரணத்தைப் பிழையாகச் சொல்லக்கூடும், அறிகுறியைப் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முட்டாள்தனமாகத் தெரிகிற கேள்விக்குப் பின்னால் ஆரோ ஒருவர் வீட்டில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பதில் எழுத முதல் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு நாளாக, வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் என்று. அது கொஞ்சம் அலுப்பான வேலை. அதற்கு ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

எழுதியதை அழிக்கவும் வேண்டாம். பிழை என்றால் அதற்குக் கீழேயே பிழை என்று எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து வந்த மறுநாள், ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்று குழுவில் நேராக எழுதினேன். கரண்ட் மாமா என்ற பெயரில் அல்ல, என் சொந்தப் பெயரில். என்னிடம் ஒருவர் கேட்டார், நான் வாசிக்காமல் பகிடி விட்டேன், அந்த வீட்டில் ஒருவர் பாதிக்கப்பட்டார் என்பதையும் எழுதினேன். ஊரையும் பெயரையும் எழுதவில்லை. மேலாளருக்கு முகம் கறுத்தது. “நாங்கள் விக்கிற சாமான் அண்ணை அது,” என்றார். ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

அரைநாளாக அதை ஆரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னேரம் தம்பலகாமத்தைச் சேர்ந்த ஒருவர் கீழே எழுதினார்: ‘இப்ப விக்கிற விலைக்கு ஜெனரேட்டரைச் சாமியறையிலதான் வைக்கோணும் ஐயா.’

சிரிப்புகள் விழத் தொடங்கின. நல்ல வரிதான். அதை வெட்டுகிற இன்னொரு வரி என் வாயில் தயாராக வந்து நின்றது. என்னவென்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதை விழுங்கிவிட்டு, அவருடைய உட்பெட்டியில் கேட்டேன்.

‘உங்கட ஜெனரேட்டர் இப்ப எங்க நிக்குது?’

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

‘குசினிக்குப் பக்கத்து சாமான் அறையில. யானை வாற இடம் ஐயா, வெளிய வைக்கப் பயம்.’

‘இப்ப ஓடுதோ?’

‘ஓம்.’

‘நிப்பாட்டுங்கோ. கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்திட்டு, வீட்டில இருக்கிற எல்லாரையும் வெளி முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வந்திட்டு எனக்கு எழுதுங்கோ.’

அந்த அரைமணித்தியாலம் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மேலாளர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

‘வெளிய எடுத்தாச்சு. மகள் ரெண்டு நாளா சத்தி எடுத்துக்கொண்டிருந்தவ. சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைச்சனாங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறம்’ என்று எழுதியிருந்தார். அவருடைய அந்தச் செய்தியில் பகிடி எதுவும் இல்லை.

போனைக் கீழே வைத்தேன். நஸீருக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவருடைய இலக்கம் என்னிடம் இருந்தது. கோல் எடுத்தால் அவர் கேட்டுக்கொண்டிருப்பார், நல்லது ஐயா என்றும் சொல்வார். பிறகு போனை வைத்துவிட்டுத் திரும்பி, பாயில் இருக்கிற மனைவிக்கு ஆர் கதைத்தது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நான் எடுக்கவில்லை.